எச்சில் பட்டால் நீலமாகும் தாள்

மகன்,

வேலைக்குக் கட்டாருக்குப் போகவில்லை, கண்டிக்கு வந்து உன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தரப்போகிறாய் என்று நீ கொழும்பிலிருந்து எழுதியதைச் சின்னம்மா குசினி வாசலில் நின்று சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு அழுதாள். அழுதுவிட்டு, "உங்கட அண்ணன்ர பிள்ளையெல்லோ, வேற எப்பிடி எழுதும்?" என்று என்னை ஏதோ களவாணியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அன்றிலிருந்து நான் உனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் 'போ' என்று எழுதுகிறேன். மறுநாள் 'வா' என்று எழுதுகிறேன். இரண்டையும் கிழித்து அடுப்புக்குள் போட்டாயிற்று. இந்தக் கடிதத்தை மட்டும் கிழிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். லொட்ஜில் உன்னோடு இருக்கிற பெடியன்களுக்கும் இதை நீ வாசித்துக் காட்டலாம். அவர்களுக்கும் பல் இருக்கிறது, சிறுநீரகம் இருக்கிறது, என்னைப் போல ஒரு சித்தப்பனும் இருப்பான்.

உன்னைப் பெற்றவன் என் அண்ணன். அவனும் அண்ணியும் போன பிறகு, கட்டைபறிச்சானிலிருந்து உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு லோஞ்ச் ஏறிய நாளிலிருந்து உனக்கு அப்பன் நான்தான். அன்றைக்குக் கொட்டியாரக் குடாவில் அலை தென்னை உயரத்துக்கு எழும்பியது. லோஞ்ச்காரன் சுக்கானை என் கையில் தந்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். நீ என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இதை எழுதும்போது சின்னம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. சுக்கானும் இல்லை ஒண்டுமில்லை. பெடியன் உங்கட சேட்டில சத்தி எடுத்தவன்" என்கிறாள். அவளுக்கு அலை எந்த உயரத்தில் வந்தாலும் குளம்தான்.

எனக்கு வந்த வருத்தம், இந்தச் சிறுநீரக நோய், எப்படிப் பிடிபட்டது என்று ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். உனக்கும் பிழையாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே ஒழுங்காகச் சொல்கிறேன். சொல்லிக்கொண்டு போனால் எனக்கும் விளங்கும் என்று ஒரு நம்பிக்கை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பள்ளிதான் என்னை விட்டது என்பாள் சின்னம்மா. எப்படியோ, இந்த விசயத்தில் படித்தவர்களுக்கே முழுக்க விளங்கவில்லை என்பதை நான் கண்ணால் கண்டேன்.

துறைமுகத்தடி ஐஸ் பெக்டரியில் உனக்கு நினைவு தெரிந்த காலம் முதல் நான் வேலை. தண்ணீரை உறைய வைக்கிறது அமோனியாக் காஸ். அது குழாய்க்குள் ஓடும்வரை நல்ல பிள்ளை. வெளியே கசிந்தால் கண்ணைப் பிடுங்கும், தொண்டையை அறுக்கும். கசிவை மூக்கால் கண்டுபிடிப்பதில் இந்தத் துறைமுகத்தில் என்னை வெல்ல ஆளில்லை. ஒருமுறை கப்பலோடு வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவன் நாள் முழுக்கத் தேடிக் காணாத ஓட்டையை, நான் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டே மணந்து சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றினான். மூக்குக்குத் துணையாக ஒரு தாள் உண்டு. லிட்மஸ் என்று பெயர். சிவப்பு நிறம், சின்னக் கீற்றுகளாக ஒரு குட்டிப் புத்தகம் போல வரும். ஒரு கீற்றை நனைத்துக் குழாய் மூட்டில் பிடித்தால், காஸ் இருந்தால் நீலமாகும். மற்றவர்கள் கோப்பையில் தண்ணீர் கொண்டு திரிவார்கள். எனக்கு எதற்குக் கோப்பை? நாக்கில் ஒரு இழுப்பு, மூட்டில் ஒரு பிடிப்பு. வேலை முடிந்தது. அத்தனை வருடமும் அப்படித்தான் செய்தேன், ஒரு நாளும் தாள் என்னை ஏமாற்றவில்லை.

சண்டை என்று சொல்லிக் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த பருவம் அது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மீனில்லாத ஊரில் ஐஸ் எதற்கு? பெக்டரி பாதிதான் ஓடியது. அப்போதுதான் எனக்கு அமோனியா மணக்கத் தொடங்கியது. காலையில் மணந்தது, சோறு தின்னும்போது மணந்தது, நாக்கில் செப்புக்காசை வைத்தது போல ஒரு ருசியும் சேர்ந்துகொண்டது. தாளை எடுத்தேன், நாக்கில் நனைத்தேன், கொம்பிரசர் வால்வில் பிடித்தேன். நீலம். அடுத்த மூட்டில் பிடித்தேன். அதுவும் நீலம். கிண்ணியாவிலிருந்து வருகிற மஜீது நானாதான் எங்கள் ஃபிற்றர், குழாயும் வால்வும் அவர் பொறுப்பு.

"நானா, உங்கட வால்வ் கசியுது" என்றேன்.

"டேய், காலைலதானே பெக்கிங் மாத்தினேன்."

"தாள் நீலமாகுதே!"

"எனக்கு மணக்கலியே."

"உங்களுக்கு ஆட்டிறைச்சி மட்டும்தான் மணக்கும்."

"நீ மூக்கால வேலை செய்யிறவன், நான் கையால வேலை செய்யிறவன். மூக்குச் சொல்றதுக்கெல்லாம் நான் ஸ்பானர் தூக்க ஏலா" என்றார். ஆனாலும் தூக்கினார். மூட்டு மூட்டாக இறுக்கினார். தாள் நீலமாகவே ஆகியது. கந்தோருக்குள் முதலாளியின் மேசையடியில் பிடித்தேன், நீலம். கேற்றடியில் பிடித்தேன், நீலம். முதலாளி பயந்துபோய்க் கொம்பிரசரை நிறுத்தச் சொன்னார். இருந்த ஐஸ் பாரெல்லாம் உருகி வாய்க்காலால் கடலுக்குப் போனது. நானா என்னோடு கதையை நிறுத்திவிட்டார். தேநீர் குடிக்கும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

வீட்டிலும் மணம். சின்னம்மா என் சட்டைகளை அவித்துத் தோய்த்தாள். மணம் போகவில்லை. குசினியில் தாளைப் பிடித்தேன், சாமி அறையில் பிடித்தேன், எல்லாம் நீலம். காஸ் நிலத்தடியால் ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் பரவிவிட்டது என்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் நான்தான் என்பதால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கால் வீங்கியிருந்ததையும், படி ஏறினால் மூச்சு வாங்கியதையும் காஸின் வேலை என்றே நினைத்தேன். தலையணையில் இரத்தக் கறை கண்டு சின்னம்மா கேட்டபோது, வெற்றிலைச் சாறு என்று சொல்லிவிட்டேன். பல்லைப் பிடித்திருக்கிற முரசிலிருந்து வந்த இரத்தம் அது.

அந்த நாட்களில் ஒருநாள் மச்சாள் வீட்டுச் சடங்குக்கு மூதூர் லோஞ்ச் ஏறப் போனேன். இறங்குதுறைக் காவலரணில் நின்ற சிப்பாய்ப் பெடியனுக்கு உன் வயது இருக்கும். என் சட்டைப் பையைத் தட்டினான், குட்டிப் புத்தகம் வந்தது. "மே மொனவத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். என் சிங்களம் எப்படி என்று உனக்குத் தெரியும், அவர்களே நின்று ரசிப்பார்கள். ஐஸ், காஸ், தாள் என்று விளக்கினேன். அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. செய்து காட்டு என்று கையால் சொன்னான். ஒரு கீற்றை நாக்கில் இழுத்தேன். கடற்கரைக் காற்றில், ஒரு குழாயும் இல்லாத இடத்தில், அது அங்கேயே நீலமாகியது. பெடியனின் கண் விரிந்தது. அவனும் ஒன்றைக் கிழித்துத் தன் நாக்கில் வைத்தான். சிவப்பு. திரும்பவும் வைத்தான். சிவப்பு. மணல்மூடைக்குப் பின்னால் இருந்த கூட்டாளியைக் கூப்பிட்டான். அவன் துவக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டினான். அதுவும் சிவப்பு. வரிசையில் நின்ற சனம் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தமிழ் எச்சில் கடுமை" என்று சிங்களத்தில் ஒரு பகிடியும் விட்டேன். என்னைத் தோளில் தட்டி லோஞ்சில் ஏற்றினார்கள். குடாவின் நடுவில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே காஸ் இல்லை. அவர்களுக்கு ஆகாத நீலம் எனக்கு ஏன் ஆனது?

வீட்டுக்கு வந்து அதைப் பெரிய பகிடியாகத்தான் சொன்னேன். காவலரணில் நின்றவர்களின் தொகையையும் கொஞ்சம் கூட்டினேன். சின்னம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பறித்தாள். ஒரு கீற்றைத் தன் நாக்கில் வைத்தாள். சிவப்பு. ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரில் தோய்த்துக் குசினி முழுக்கப் பிடித்தாள். சிவப்பு.

"இஞ்சேருங்கோ, ஊரில ஒரு ஓட்டையும் இல்லை. உங்கட வாய்தான் மணக்குது."

"எப்ப இருந்து?"

"எப்பவோ இருந்து."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா நம்புவியளோ? வெள்ளைக்காரன் தொப்பி கழட்டின மூக்கெல்லோ!"

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் அம்மா காலை அமுக்கிப் பார்த்தா, இரத்தம் எடுத்தா. இரண்டு சிறுநீரகமும் வேலையைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டன என்றா. பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பல் டொக்டரிடம் அனுப்பினா. சிறுநீரகம் எங்கே இருக்கிறது, பல் எங்கே இருக்கிறது! தம்பலகமத்தில் மடை உடைந்ததற்குப் புல்மோட்டையில் ஆளை விசாரிப்பது போல எனக்குப் பட்டது. ஆனால் பல் என்றதும் ஒரு தைரியம் வந்தது. என் பல்லைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. உன் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு வந்த சோடாப் போத்தல் எல்லாவற்றையும் பல்லாலேயே திறந்தவன் நான். இந்த வயதிலும் ஒரு சூத்தைப் பல் கிடையாது. கதிரையில் ஏறி இருந்துகொண்டு, "டொக்டர், இப்பிடி ஒரு வாயை நீங்கள் படத்திலதான் பாத்திருப்பியள்" என்றேன்.

அவர் இளம் ஆள், பொறுமைசாலி. பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, முரசு ஓரத்தில எல்லாருக்கும் கிருமியள் சீவிக்கும். எனக்கும் இருக்கு. உங்கட கிட்னி வெளியில அனுப்ப வேண்டிய யூரியா இரத்தத்தில தங்கி, இப்ப எச்சிலுக்கையும் வருது. அந்தக் கிருமியளில சிலது யூரியாவை உடைச்சு அமோனியா ஆக்கும்."

"யூரியாவோ? வயலுக்குப் போடுற யூரியாவோ?"

"ஓம், அதேதான்."

மகன், கிளிவெட்டியில் சனம் ஒரு மூடை யூரியாவுக்கு எவ்வளவு தவம் கிடக்கிறது என்று உனக்குத் தெரியும். வெடிமருந்து செய்வார்கள் என்று அந்தப் பக்கம் கொண்டுபோகத் தடை செய்த சாமான் அது. நான் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, காவலரணில் நாக்கையும் நீட்டிக் காட்டிவிட்டு லோஞ்ச் ஏறியிருக்கிறேன்! இதைச் சொல்லி நான் சிரிக்க, சின்னம்மா என் தொடையில் கிள்ளினாள். "மெதுவாக் கதையுங்கோ. பிறகு அதுக்கும் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

டொக்டரும் சிரித்தார். பிறகு சொன்னதுதான் என்னைக் குழப்பிப்போட்டது. வாயில் வேறு கிருமிகள் அமிலம் சுரந்து பல்லை அரிக்குமாம். என் வாயில் அந்த அமிலத்தை அமோனியா அடக்கிவிடுகிறதாம். "உங்களுக்குச் சூத்தை வராம இருக்கிறதுக்கும் இந்த வருத்தம் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார். ஆனால் அதே அமோனியாவால் பல்லடியில் ஊத்தை கல்லுப் போலப் படியுமாம், அதற்குக் கீழே கிருமி கூடுகட்டி முரசு வீங்குமாம். பல் தடித்து வளர்கிறது என்று நான் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தது அந்தக் கல்லைத்தான்.

"அப்ப இது நல்லதோ கூடாதோ?" என்று கேட்டேன்.

"பல்லுக்குக் கொஞ்சம் நல்லது. முரசுக்குக் கூடாது."

"கிட்னி பழுதாகினதால முரசு பழுதாகினதோ, முரசால கிட்னியோ?"

"கிட்னி கெட்டா வாய்க்கை இருக்கிற கிருமியளின்ர சேர்மானம் மாறும் எண்டு நினைக்கினம். முரசில கிடக்கிற அழற்சி கிட்னியை இன்னும் கெடுக்கலாம் எண்டும் சொல்லினம். எது எதை எவ்வளவு செய்யுது எண்டு இன்னும் முழுசா விளங்கேல்ல, ஐயா."

படித்த மனுசன் விளங்கவில்லை என்று சொன்னதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வரவில்லை. அவர்மீது ஒரு மதிப்புத்தான் வந்தது. நானாக இருந்தால் ஏதாவது ஒரு பதிலைக் கட்டிச் சொல்லியிருப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து தலைக்குள் அதே கொம்பிரசர்தான் ஓடுகிறது. நல்லதென்று நினைத்தது வருத்தத்தின் அடையாளம். ஊரில் தேடியது என் நாக்கில். பிறந்த நாளிலிருந்து வாய்க்குள் இருந்த கிருமிகள் எனக்கு உறவா பகையா? அவை புதிதாக வந்தவையும் இல்லை. சாப்பாடு மாறியது, அவற்றில் யார் பெருகுவது யார் குறைவது என்பதும் மாறியது. இந்த ஊரைப் பார்த்தவனுக்கு அதுமட்டும் கொஞ்சம் விளங்கும். மஜீது நானாவிடம் போய் விசயத்தைச் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஒன்ட வாய இறுக்க என்னட்டச் சாவி இல்லையேடா" என்றார். கண் கலங்கியிருந்தது. முதுகு காட்டிய மனுசன் இப்போது வெள்ளிக்கிழமைகளில் எனக்காகத் துவா கேட்கிறார்.

இனி உன் விசயம். என் இரத்தத்தை மெசினில் போட்டுக் கழுவ வேண்டும், அதற்குக் கண்டிக்குத்தான் போகவேண்டும். வீதி திறந்திருந்தால் போகலாம். மூடினால், எத்தனை நாளைக்கு மூடுவார்கள் என்று யாரைக் கேட்பது? மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் அந்த அலைச்சல் இல்லை. ஆனால் முதலில் வாய் துப்புரவாக வேண்டும் என்கிறார்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடுமாம். அந்த நேரம் முரசில் பதுங்கியிருக்கிற கிருமி இரத்தத்தில் ஏறினால் தடுக்க ஆளில்லை. ஆகவே கல்லைச் சுரண்டி எடுத்தார்கள். ஆடிக்கொண்டிருந்த முன்பற்களையும் பிடுங்கிவிட்டார்கள். நான் முனகவில்லை. சின்னம்மா முனகினேன் என்பாள், நம்பாதே. பல் பிடுங்கியதை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நான் அதற்குச் சம்மதித்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். 'போ' என்று எழுதிய அதே வாரம்தான் சம்மதித்தேன். எனக்குள் யார் எதைச் செய்கிறான் என்று அந்தப் பல் டொக்டர்கூடச் சொல்ல மாட்டார்.

நீ கட்டாருக்குப் போனால் உன் வாழ்க்கை ஒரு கரைக்கு வரும். விசா பிந்தினால் இன்னொன்று கிடைக்குமோ தெரியாது. லொட்ஜில் நீ தங்குகிற ஒவ்வொரு நாளும் எனக்கு நெஞ்சிடி. கொழும்பில் ஒரு வெடி என்று வானொலி சொன்னால், விடிவதற்குள் லொட்ஜ்களைச் சுற்றிவளைப்பார்கள். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் தலையணைக்குக் கீழே வைத்துப் படு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். என் வாயைப் போல வாயை வைத்துக்கொள்ளாதே. போகிற இடம் பாலைவனம், நிறையத் தண்ணீர் குடி. பல் மினுக்கும்போது முரசில் இரத்தம் வந்தால் வெற்றிலை என்று யாருக்கும் சொல்லாதே. உன் சிறுநீரகம் எனக்குப் பொருந்துமோ என்றே இன்னும் தெரியாது. பொருந்தி, வெட்டி எடுத்து, அதுவும் எனக்குள் நிலைக்காமல் போனால் உனக்கு விசாவும் இல்லை, சிறுநீரகமும் இல்லை, சித்தப்பனும் இல்லை. இதையெல்லாம் நினைத்தால் 'போ' என்று எழுதக் கை ஓடுகிறது. பிறகு சின்னம்மா உலையில் அரிசி போடுகிற சத்தம் கேட்கிறது. அவள் தனியாக ஒருத்திக்கு எவ்வளவு போடுவாள் என்று ஒரு நினைப்பு வருகிறது. கை நின்றுவிடுகிறது.

அவளிடமே கேட்டேன், "என்ன எழுதட்டும்?"

"என்னட்டக் கேளாதேங்கோ. ஒண்டு நான் கட்டினது, மற்றது நான் வளத்தது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை எனக்குக் கண்டியில் கிளினிக். புதன்கிழமை பஸ் ஏறுவோம். உன் விமானம் வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தாய். வியாழன் காலை, கிளினிக்குக்கு முதல், நான் கண்டி ரயில் நிலையத்தில் கொழும்பு ரயில் வருகிற மேடையில் நிற்பேன். பதில் எழுத வேண்டாம், எழுதினாலும் நேரத்துக்கு வந்து சேராது. பரிசோதனையை மட்டும் செய்துவிட்டு ஓடிப்போய் விமானம் ஏறலாம் என்று ஏதும் கணக்குப் போடாதே. வருவதென்றால் இருக்க வா, போவதென்றால் பறந்துபோ. நீ இறங்கி வந்தால், சனம் பார்க்க உன்னை ஏசுவேன், விசாவைக் கிழித்த மடையன் என்பேன். அதை நம்பாதே. நீ இறங்காவிட்டால், கெட்டிக்காரன், தன் பாட்டைப் பார்த்தான் என்று சின்னம்மாவிடம் பெருமையாகச் சொல்வேன். அதை அவள் நம்ப மாட்டாள்.

சித்தப்பா